வாரண்டி முடிந்த சிறிய பெட்ரோல் காரை நீங்களே பராமரிப்பது எப்படி?

சென்னையில் சிறிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களில் பலர் வருடத்திற்கு ஒருமுறை வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு, மாலையில் வரும் பில்லைப் புரிந்தும் புரியாமலும் கட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். வாரண்டி இருக்கும் வரை இதில் பெரிய சிக்கல் இல்லை. அது முடிந்த பிறகு பில்லில் புதிய வரிகள் முளைக்கத் தொடங்கும். என் வண்டிக்கு வந்த பில்களைக் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தபோது, என்ஜின் ஃப்ளஷ், ஏசி கிருமிநீக்கம், இன்ஜெக்டர் சுத்திகரிப்பு போன்ற பல வேலைகள் அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. அட்டவணையில் இருந்த வேலைகளில் பாதி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரமும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடியக்கூடியவை. அந்தப் பாதி வேலையை எப்படிச் செய்வது, மறுபாதியை ஏன் தொடக் கூடாது என்பதைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட பிறகு, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இது பெட்ரோலில் ஓடும் சிறிய கார்களுக்கானது. டீசல் வண்டிக்கு ஆயில் வகையும் ஃபில்டர்களும் வேறு. சிஎன்ஜி பொருத்திய வண்டியில் எரிவாயுக் குழாய்களின் பக்கமே போகக் கூடாது. மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறையோடு ஓடும் கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை, அவற்றைத் தொடவே கூடாது.

1. ஸ்பேனருக்கு முன்னால் காகிதங்கள்

முதலில் எடுக்க வேண்டியது வண்டியோடு வந்த கையேடு. பழைய வண்டி வாங்கியவர்களிடம் அது பெரும்பாலும் இருக்காது. தயாரிப்பு நிறுவனங்களின் இணையதளங்களில் பல மாடல்களுக்கான கையேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் வண்டியின் ஆண்டும் என்ஜின் வகையும் பொருந்துகின்றனவா என்பதை ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் காருக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு என்ஜின் மாறியிருக்கும். கடையில் உதிரிபாகம் கேட்கும்போதும் மாடல் பெயர் மட்டும் போதாது, தயாரிப்பு ஆண்டும் சில வேளைகளில் சேசிஸ் எண்ணும் கேட்பார்கள். கையேட்டில் நான்கு பக்கங்களை மட்டும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள்: பராமரிப்பு அட்டவணை, ஆயில் மற்றும் கூலண்டின் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வகையும் அளவும், ஃபியூஸ் வரைபடம், ஜாக்கி வைக்கும் இடங்களைக் காட்டும் படம்.

அடுத்தது வாரண்டிப் புத்தகம். வாரண்டியோ நீட்டிக்கப்பட்ட வாரண்டியோ இன்னும் நடப்பில் இருந்தால், குறிப்பிட்ட கால இடைவெளிச் சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இருந்தால், டயர் காற்று, வைப்பர், ஏசி ஃபில்டர் போன்றவற்றோடு நிறுத்திக்கொண்டு, ஆயில் மாற்றத்தை அங்கேயே செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். ஆயிரம் ரூபாய் கூலியை மிச்சப்படுத்தப் போய் வாரண்டியைக் கேள்விக்குள்ளாக்குவது கணக்கில் சேராது.

காப்பீட்டுப் பாலிசியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் பற்றிய பகுதியில் அது தேவைப்படும். புகைச் சான்றிதழின் காலாவதி தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சான்றிதழ் எடுக்க ஆகும் செலவோ சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

2. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

எனக்கு நானே வகுத்துக்கொண்ட எல்லை எளிமையானது: தவறாகச் செய்தால் வண்டி நின்றுபோகக்கூடிய வேலையை நானே செய்வேன், தவறாகச் செய்தால் வண்டி நிற்காமல் போகக்கூடிய வேலையைச் செய்ய மாட்டேன். எனவே பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஆகிய மூன்றையும் முழுமையாக மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். ஏர்பேக் வயர்களும் அதே பட்டியலில் சேரும். அவை பெரும்பாலும் மஞ்சள் நிற உறையிலோ மஞ்சள் இணைப்பியிலோ இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் கைவிடும்போது மஞ்சள் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். ஏசி வாயு நிரப்புவது, டைமிங் பெல்ட், கிளட்ச் ஆகியவற்றுக்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும்.

ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்திற்காகவும் படுக்கக் கூடாது என்பதைத் தனியாகவே சொல்ல வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. கீழே விழுந்த நட்டை எடுக்கத் தலையை உள்ளே நீட்டுவதுகூடக் கூடாது.

3. கருவிகளும் ஆரம்பச் செலவும்

பெரிய டூல் கிட் எதுவும் முதல் நாளே வேண்டாம். டிஜிட்டல் டயர் கேஜ் ஒன்று 300 முதல் 600 ரூபாய், சாதாரண மல்டிமீட்டர் அதே அளவு விலை, 8, 10, 12, 14 மில்லிமீட்டர் அளவுகள் உள்ள ஸ்பேனர் செட் 800 ரூபாயைச் சுற்றி, ஒரு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், ரப்பர் கையுறை, ஒரு புனல், பழைய காட்டன் வேட்டித் துணி ஆகியவை போதும். பேட்டரி டெர்மினலுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் பெரும்பாலான சிறிய கார்களில் பொருந்தும். அது ஒன்றைத் தரமானதாக வாங்குங்கள், மட்டமான ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். சிகரெட் லைட்டரில் செருகிக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை ஆகும். அது கட்டாயமில்லை, ஆனால் ஒருமுறை வாங்கியவர்கள் அதற்காக வருந்துவதில்லை.

4. பானெட்டுக்கு அடியில் மாதம் ஒருமுறை

இது காசே ஆகாத வேலை. என் அனுபவத்தில் அதிகப் பணத்தைக் காப்பாற்றுவதும் இதுதான். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் வைத்துப் பாருங்கள்.

என்ஜின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை வெளியே இழுத்து, துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செருகி, மறுபடியும் இழுத்துப் பாருங்கள். முதல் முறை இழுக்கும்போது தெரியும் அளவை நம்பக் கூடாது, ஏனெனில் குழாயின் சுவரில் தெறித்த ஆயிலும் அதில் ஒட்டியிருக்கும். கம்பியின் நுனியில் இரண்டு துளைகளோ இரண்டு கோடுகளோ இருக்கும். ஆயிலின் விளிம்பு அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பல சிறிய கார்களில் கீழ்க்கோட்டிலிருந்து மேற்கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். குறைந்திருந்தால் கையேட்டில் சொன்ன அதே வகை ஆயிலைக் கால் லிட்டர் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், ஓடிய ஆயில் கறுக்கும். பால் கலந்த காபி போல நிறம் மாறியிருந்தால் மட்டும் கூலண்ட் உள்ளே கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

கூலண்ட் இருப்பது வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பாவில். வெளியிலிருந்தே அளவு தெரியும். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையில் இருந்தால் போதும், மூடியைத் திறக்கவே தேவையில்லை. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும். நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்குவது இங்கே அதிகம் பேர் விழும் பொறி: பச்சை, சிவப்பு, நீலம் என்பவை நிறுவனங்கள் சேர்க்கும் சாயம்தான், ஒரே நிறம் என்பதால் ஒரே வகை ஆகிவிடாது. கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள். நேரடியாக ஊற்றக்கூடியதா, தண்ணீர் கலக்க வேண்டியதா என்பது டப்பாவில் எழுதியிருக்கும். கலக்க வேண்டியது என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே; நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிந்து அடைத்துவிடும். ஒரு லிட்டர் கூலண்ட் 200 முதல் 400 ரூபாய். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும் நஞ்சு, ஆகையால் தரையில் சிந்தியதைத் தெருநாயோ குழந்தையோ அணுகுவதற்குள் நீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊற்றிக்கொண்டே இருப்பது தீர்வல்ல.

பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்கலாம், ஊற்றக் கூடாது. பிரேக் பேட் தேயத் தேய அதன் அளவு மெல்ல இறங்குவது இயல்பு. குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போனால் பேட் தேய்ந்திருக்கிறது அல்லது கசிகிறது என்று பொருள். மேலே ஊற்றி நிரப்பினால் அந்த எச்சரிக்கையை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது என்பதால் தோராயமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாக மாற்றச் சொல்லிப் பல கையேடுகள் பரிந்துரைக்கின்றன. சர்வீஸில் இந்த வேலையைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள், நினைவூட்டுங்கள்.

5. டயர்: காற்றும் ஸ்டெப்னியும்

எவ்வளவு காற்று வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சிறிய கார்களில் இது பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ வரை. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண், அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக் கூடாது. அளவு பார்ப்பது குளிர்ந்த டயரில்தான். திருச்சி வரை ஓட்டிவிட்டு நெடுஞ்சாலையில் நிறுத்திப் பார்த்தால் சூட்டில் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதைக் கண்டு காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தரப்பட வேண்டிய சேவை. ஆனால் அங்குள்ள மீட்டர்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும் என்பதால் உங்கள் கேஜை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டெப்னிக்கும் அடிக்கச் சொல்ல மறக்காதீர்கள். காற்றில்லாத ஸ்டெப்னி டிக்கியில் இருக்கும் வெறும் சுமை.

டயரின் வயது பக்கவாட்டில் நான்கு இலக்கங்களாக இருக்கும். 2423 என்றால் 2023ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் தயாரானது. புது டயர் வாங்கும்போது இந்த எண்ணைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். டயரின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில் கோளாறு; அது சில நூறு ரூபாயில் சரியாகும்.

ஸ்டெப்னி மாற்றுவதை நடுவழியில் கற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முன்னால் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். அப்போதுதான், டயர் கடையில் காற்று கன்னால் இறுக்கிய நட்டு கையால் அசையவே மாட்டேன் என்கிறது, அலாய் வீலின் லாக் நட்டுக்கான சாவி காணவில்லை, ஜாக்கியின் கைப்பிடி வேறெங்கோ இருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும். வரிசை இது: சமமான, கெட்டியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, கழற்றும் சக்கரத்திற்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். வண்டியைத் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவே ஜாக்கியின் தலை பொருந்த வேண்டும். வேறு இடத்தில் வைத்தால் தகடு நசுங்கும். தூக்கியதும் ஸ்டெப்னியை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி சரிந்தாலும் வண்டி அதன்மேல் உட்காரும். கழற்றிய சக்கரத்தை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். மாட்டும்போது நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிரே இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். வீல் ஸ்பேனரின் மேல் ஏறி மிதிக்கத் தேவையில்லை. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறிய அளவாக இருந்தால் அதில் எழுதியிருக்கும் வேக வரம்பைத் தாண்டக் கூடாது.

6. பேட்டரி

நம் வெயிலில் கார் பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும். இரவு முழுவதும் நிறுத்தியிருந்த வண்டியில் காலையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் அருகே காட்டினால் நல்ல நிலை, 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதியளவுதான் இருக்கிறது. என்ஜின் ஓடும்போது பல கார்களில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12லேயே நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, என்ஜின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரில். இந்த ஒரு சோதனை தெரியாததால் புதுப் பேட்டரி வாங்கி மாட்டி, அதுவும் சில நாளில் இறங்கிப் போய் நிற்பவர்கள் உண்டு.

டெர்மினலில் வெண்மையாகவோ நீலம் கலந்தோ பூத்திருந்தால் சுத்தம் செய்யலாம். கையிலிருக்கும் மோதிரம், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றி, பிறகு பாசிட்டிவ்; மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இந்த வரிசை ஏன் என்றால், பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடலில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் பூத்தது நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்து உலர்த்தி, மாட்டிய பிறகு மெல்லிய பூச்சாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். கேபிள் கழற்றியதால் கடிகாரமும் ரேடியோ அமைப்பும் அழிந்திருக்கும், சில வண்டிகளில் ஒரே அழுத்தில் ஏறும் கண்ணாடியைக் கையேட்டைப் பார்த்து மறுபடி பழக்க வேண்டியிருக்கும்.

புதுப் பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். கழிவோடும் கழிவில்லாமலும் விலை கேளுங்கள். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ரூபாய். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ள வண்டிக்குச் சாதாரணப் பேட்டரி போடக் கூடாது, அதற்குரிய வகையையே கேளுங்கள். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வண்டி எண்ணும் எழுதி வாங்காமல் கடையை விட்டு நகர வேண்டாம். அந்த வாரண்டி இரண்டு பகுதியாக இருக்கும்: முதல் சில மாதங்களுக்கு இலவச மாற்று, மீதிக் காலத்திற்கு விலையில் தள்ளுபடி மட்டும். கடைக்காரர் சொல்லும் மாதக் கணக்கு இரண்டையும் சேர்த்தது.

7. ஏசி ஃபில்டரும் ஏர் ஃபில்டரும்

புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் ஏசி ஃபில்டர். மாருதி, ஹூண்டாய் சிறிய கார்கள் பலவற்றில் அது முன்பயணி எதிரே உள்ள க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவர்களையும் உள்ளே அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் நீளமான ஒரு பிளாஸ்டிக் மூடி தெரியும். மூடியின் நாக்கை அழுத்திக் கழற்றி, ஃபில்டரை இழுக்கும்போது மெல்ல இழுங்கள், தூசியும் காய்ந்த இலையும் மடியில் கொட்டும். விளிம்பில் அம்புக்குறி இருக்கும். பழையது எந்தத் திசையில் இருந்ததோ அதே திசையில் புதியதைச் செருக வேண்டும். பாகத்தின் விலை 250 முதல் 600 ரூபாய், நேரம் கால் மணி. அடிப்படை மாடல் கார்கள் சிலவற்றில் தொழிற்சாலையிலேயே ஃபில்டர் போடாமல் இடத்தை மட்டும் விட்டிருப்பார்கள். மூடியைக் கழற்றி உள்ளே ஒன்றுமில்லை என்றால் திகைக்க வேண்டாம், வாங்கிச் செருகிக்கொள்ளலாம்.

என்ஜின் ஏர் ஃபில்டர் பானெட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டியில் இருக்கும். கிளிப்புகளையோ ஸ்க்ரூக்களையோ தளர்த்தி மேல்மூடியைத் தூக்கினால் மடிப்பு மடிப்பாக அது தெரியும். தரையில் லேசாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். தண்ணீரில் கழுவக் கூடாது. எப்போது மாற்ற வேண்டும் என்பது அட்டவணையில் உள்ளது, கட்டுமான வேலை நடக்கும் புறநகர்ச் சாலைகளில் தினமும் ஓட்டுபவர்கள் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது. பெட்டியின் அடியை ஈரத்துணியால் துடைக்கும்போது தேங்காய் நாரோ கடித்த பஞ்சோ கிடந்தால், எலி குடிவந்துவிட்டது. அடுக்குமாடி பார்க்கிங்கில் இது அடிக்கடி நடப்பது. அருகில் ஓடும் வயர்களில் பல்தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், வண்டியைக் குப்பைத் தொட்டியின் பக்கத்தில் நிறுத்துவதைத் தவிருங்கள், வாரத்தில் ஓரிரு முறையாவது ஓட்டுங்கள். எலியை விரட்டும் ஸ்பிரேக்களை வாங்கிப் பார்த்தேன்; என் எலிகளுக்கு அவை ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

8. வைப்பர், பல்பு, ஃபியூஸ்

வைப்பர் பிளேடை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பு மாற்றுங்கள். இரண்டு பக்கமும் நீளம் வேறு வேறாக இருக்கலாம், அங்குலத்தில் அளந்து வாங்க வேண்டும். பிளேடு கழன்ற வெறும் கம்பி ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடியில் அறைந்தால் விரிசல் விழும், ஆகவே அங்கே ஒரு மடித்த துண்டை விரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முன்விளக்கில் பல கார்களுக்கு ஹெச்4 வகை, 60/55 வாட் பல்பு. கண்ணாடிப் பகுதியை வெறும் விரலால் தொட்டால் விரலின் எண்ணெய் ஒட்டி, அந்த இடம் சூடேறிச் சீக்கிரம் பல்பு போய்விடும். அதிக வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும். வெளியில் வாங்கிப் பொருத்தும் எல்இடி வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, வயரை வெட்டி இணைத்திருந்தால் தீ விபத்துக் காப்பீட்டுக் கோரிக்கையின்போது கேள்வியாக நிற்கும்.

ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் மட்டும் மாற்றுங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போட்டதும் மறுபடி போனால் வயரில் ஷார்ட் இருக்கிறது. பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் அடுத்து எரிவது வயர்தான்.

9. என்ஜின் ஆயில்: பொருள் உங்களுடையது, கை மெக்கானிக்குடையது

ஆயில் மாற்றுவது கடினமான வேலை அல்ல. ஆனால் வண்டியை உயர்த்திப் பாதுகாப்பாக நிறுத்த வேண்டும், மூன்று லிட்டருக்கு மேல் சூடான பழைய ஆயிலைச் சிந்தாமல் பிடிக்க வேண்டும், அதை எங்காவது சேர்க்க வேண்டும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் இவை மூன்றும் நடக்காது. பழைய ஆயில் அபாயக் கழிவு, சாக்கடையில் ஊற்றுவது சட்டப்படியும் குற்றம். எனவே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும், பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷரையும் நீங்களே வாங்கிக்கொண்டு, பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் போய், நின்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். கூலி 300 முதல் 500 ரூபாய், பழைய ஆயிலை அவர் சேர்த்து வைத்து விற்றுவிடுவார்.

எந்த ஆயில் என்பதில் மெக்கானிக்கின் பழக்கத்தைவிடக் கையேடுதான் பெரிது. இப்போதைய சிறிய பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியாப் போடுங்க சார்" என்று 20டபிள்யூ-50ஐ நீட்டுபவர்களிடம் மறுத்துவிடுங்கள். இடைவெளி பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் மூன்று கிலோமீட்டர் ஓட்டுபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும் இடம் முக்கியம். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் அநேகமாக எல்லா பாகமும் கிடைக்கும். புதுப்பேட்டையில் கிடைப்பவை பெரும்பாலும் பிரித்தெடுத்த பழைய பாகங்கள். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, டிரிம் போன்றவற்றுக்கு அங்கே போகலாம், ஃபில்டருக்கும் பிரேக் பாகத்துக்கும் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, ஆகவே பழைய எம்ஆர்பி அச்சிட்ட பெட்டியை முழு விலைக்கு வாங்காதீர்கள். ஆயில் டப்பாவின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா, ஃபில்டர் பெட்டியில் ஹோலோகிராமும் பாக எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பில் கேட்டால் முகம் சுளிக்கும் கடையில் போலி கிடைப்பதற்கான வாய்ப்பு அதிகம்.

மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதா? புது ஃபில்டரின் வளையத்தில் ஆயில் தடவி மெக்கானிக் கையால் இறுக்குகிறாரா? டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறாரா? முடிந்ததும் இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, அடியில் சொட்டு இருக்கிறதா என்றும் டிப்ஸ்டிக் அளவையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்து 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும்.

10. தண்ணீர் புகுந்தால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் ஏராளமான கார்கள் நின்ற இடத்திலேயே மூழ்கின. மூழ்கிய காருக்கு வரும் சேதத்தைவிட, தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவதால் வரும் சேதம் பெரியது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்து என்ஜினே போய்விடும். இப்படி ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி பின்விளைவு என்று சொல்லி ஒதுக்கிவிடும். அதற்குத்தான் முதல் பகுதியில் சொன்ன என்ஜின் பாதுகாப்புக் கவர். பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில்தான் அதைச் சேர்க்க முடியும். பழைய வண்டிகளுக்குச் சில நிறுவனங்கள் தருவதில்லை.

தண்ணீர் இருக்கையின் உயரம் வரை நின்றிருந்தால் எதையும் தொடாமல், நீர்மட்டக் கறை தெரியும்படி படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்து, டோ செய்து கொண்டுபோகச் சொல்லுங்கள். சக்கரத்தின் பாதி வரைதான் நின்றது என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் ஈரமாக இருந்தால் ஸ்டார்ட் செய்யக் கூடாது. உலர்ந்திருந்தாலும் டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலின் நிறத்தையும் அளவையும் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

11. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது

மேலே சொன்னவற்றைச் செய்பவர்களும் பிரேக் சோதனைக்காக வருடம் ஒருமுறை போகத்தான் வேண்டும். ஒரு நோட்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம், விலை ஆகியவற்றை எழுதி, பில்களை அதிலேயே ஒட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது முத்திரை இல்லாத சர்வீஸ் புத்தகத்திற்குப் பதிலாக இதைக் காட்டலாம். போகும் நாளில் அட்டவணையின் படத்தை எடுத்துப் போய், அந்தக் கிலோமீட்டருக்குரிய வேலைகளை மட்டும் அவர்களுடைய ஜாப் கார்டில் (வேலைகளைப் பட்டியலிடும் தாள்) எழுதச் சொல்லுங்கள். ஏசி ஃபில்டர், ஏர் ஃபில்டர், வைப்பர் ஆகியவை மாற்றப்பட்டுவிட்டன என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் போன மாதம் போட்ட ஃபில்டரை மறுபடியும் மாற்றிவிடுவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மதிப்பீட்டுத் தொகையைக் கேட்டு, "கைப்பேசியில் கேட்டு ஒப்புதல் பெறாமல் கூடுதல் வேலை செய்யக் கூடாது, கழற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்க வேண்டும்" என்று உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். மாலையில் வண்டியை எடுக்கும்போது டிக்கியைத் திறந்து, பழைய பாகங்களைப் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.